இரு விளிம்புகளின் மேல் நிற்பது: ஐஸ் ஹாக்கி தொடக்க வகுப்பில் பிள்ளை எதைப் பழகுகிறது?

டர்பனிலும் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் போன்ற அதன் சுற்றுப்பகுதிகளிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குப் பள்ளி மைதானத்தில் ஆடப்படும் ஹாக்கி நன்கு பழக்கமான ஆட்டம். ஐஸ் ஹாக்கி அப்படியன்று. அமன்சிம்டோட்டிக்கு அருகில் கேலரியா வணிக வளாகத்திலுள்ள ஐஸ் ரிங்குக்கு, அதாவது பனிச்சறுக்குத் தளத்துக்கு, யாரோ ஒரு தோழனின் பிறந்தநாளுக்காகப் போய்வந்த பிள்ளை, தானும் இதைக் கற்றே தீர வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும்போதுதான் பல பெற்றோர் இந்த விளையாட்டைப் பற்றி முதன்முறையாக யோசிக்கிறார்கள். பிள்ளையை வகுப்பில் சேர்த்துவிட்டுத் தடுப்புச் சுவருக்கு இப்பால் உட்கார்ந்து பார்க்கும் அவர்களுக்குப் பிறகு ஒரு குழப்பம் வருகிறது. வாரக்கணக்கில் வகுப்பு நடந்தும் யாரும் கோல் அடிப்பதில்லை. பிள்ளைகள் முழங்காலை மடக்குகிறார்கள், விழுகிறார்கள், எழுகிறார்கள், குதிகால்களைச் சேர்த்துப் பிரிக்கிறார்கள். பணம் கட்டியது இதற்குத்தானா என்று தோன்றலாம். இதற்குத்தான். அந்த அசைவுகள் அத்தனையும் ஒரே பாடத்தைச் சேர்ந்தவை: ஸ்கேட்டின் அடியிலுள்ள பிளேடுக்கு இரண்டு விளிம்புகள் உண்டு, எந்த நேரத்தில் எந்த விளிம்பின் மேல், எவ்வளவு சாய்ந்து நிற்பது என்பதைப் பிள்ளையின் கால் அறிந்துகொள்ள வேண்டும்.

இந்த நாட்டுக்கு இது முற்றிலும் அந்நியமான ஆட்டம் என்று எண்ணிவிட வேண்டாம். தென்னாப்பிரிக்கா 1937ஆம் ஆண்டிலேயே சர்வதேச ஐஸ் ஹாக்கி கூட்டமைப்பில் உறுப்பு நாடாகச் சேர்ந்தது. 1961இல் சுவிட்சர்லாந்தில் நடந்த உலகப் போட்டியில் ஆடியது. 2018 ஏப்ரலில் உலகப் போட்டியின் மூன்றாம் பிரிவு ஆட்டங்கள் கேப் டவுனிலுள்ள கிராண்ட்வெஸ்ட் வளாகத்து ரிங்கிலேயே நடைபெற்றன. எனினும் நம் நாட்டில் ரிங்குகள் மிகச் சில. குளிர்காலத்தில் குளங்கள் உறையும் நாடுகளில் பிள்ளைகள் வீட்டுப் பக்கத்திலேயே விழுந்து எழுந்து தாமாகப் பழகிக்கொள்வதை, நம் பிள்ளைகள் வகுப்பில் கிடைக்கும் குறைந்த நேரத்துக்குள் கற்க வேண்டியிருக்கிறது. அந்த நேரம் எதற்குச் செலவாகிறது என்பதைப் பெற்றோர் தெரிந்துவைத்திருந்தால், பிள்ளையை அவசரப்படுத்தவும் மாட்டார்கள், வீணாகக் கவலைப்படவும் மாட்டார்கள்.

முதலில் பிளேடைக் கண்ணருகே கொண்டுவந்து பார்க்க வேண்டும். ஹாக்கி ஸ்கேட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, பிளேடை ஒரு நுனியிலிருந்து நெடுக்காக நோக்கினால், அது ஒற்றைக் கூரில் முடியும் கத்தியாக இல்லாதது தெரியும். ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகுப் பட்டை அது; அதன் அடிப்பக்கத்தில், பிளந்த மூங்கிலின் உட்புறம் போல, நெடுகிலும் ஒரு மெல்லிய குழிவு ஓடுகிறது. அந்தக் குழிவின் இரு கரைகளே விளிம்புகள். இரு பாதங்களையும் சேர்த்து வைத்தால் ஒன்றையொன்று பார்த்திருக்கும் கரைகள் உள்விளிம்புகள். வெளிப்புறம் இருப்பவை வெளிவிளிம்புகள். ஆக, இரண்டு கால்களுக்கும் சேர்த்துப் பிள்ளையின் வசம் நான்கு விளிம்புகள் இருக்கின்றன. இந்த விளையாட்டில் கால் செய்யும் வேலை ஒவ்வொன்றும் இந்த நான்கில் ஒன்றையோ இரண்டையோ தேர்ந்தெடுப்பதுதான்.

குழிவு தானாக அமைவதில்லை. சுழலும் சாணைக்கல்லின் முகத்தை ஒரு வட்டத்தின் பகுதியாக வடித்து, அதில் பிளேடை நெடுக்காக ஓட்டி உண்டாக்குகிறார்கள். அந்த வட்டத்தின் ஆரம் சிறியதானால் குழிவு ஆழமாகும், விளிம்பு பனியை நன்றாகப் பற்றும். ஆரம் பெரியதானால் குழிவு ஆழம் குறைந்து சறுக்கல் எளிதாகும், பிடிப்பு குறையும். அரை அங்குலம், அதாவது ஏறத்தாழ 13 மில்லிமீட்டர் ஆரம், தொடக்க நிலைப் பிள்ளைகளுக்கு வழக்கமாகத் தரப்படுகிறது. கடையிலிருந்து வரும் புதிய ஹாக்கி ஸ்கேட் பெரும்பாலும் தீட்டப்படாமலே வருகிறது என்பதைப் பெற்றோர் பலர் அறிவதில்லை. தீட்டாத பிளேடில் குழிவும் இல்லை, விளிம்பும் இல்லை. அதை அணிந்து பனியில் இறங்கும் பிள்ளை எவ்வளவு முயன்றாலும் கால் பக்கவாட்டில் நழுவிக்கொண்டே இருக்கும். பிள்ளைக்குத் திறமை போதவில்லை என்று முடிவு கட்டுவதற்கு முன், விளிம்பின் குறுக்கே நகத்தை மெதுவாக இழுத்துப் பார்க்கலாம். நகத்திலிருந்து மெல்லிய தூள் உதிர்ந்தால் விளிம்பு இருக்கிறது. நகம் வழுக்கிச் சென்றால் சாணை பிடிக்க வேண்டும். இதைப் பெரியவர்கள்தான் செய்ய வேண்டும், பிள்ளையை விட்டுச் செய்யச் சொல்லக் கூடாது.

பிளேடை இப்போது பக்கவாட்டில் பார்த்தால் இன்னொன்று தெரியும். அதன் அடி நேர்கோடாக இல்லை. முன்னும் பின்னும் சற்றே மேலெழுந்து வளைந்திருக்கிறது. சமதரையில் நிறுத்தினால் நடுவில் சில சென்டிமீட்டர் மட்டுமே தரையைத் தொடும். அதனால்தான் ஹாக்கி ஸ்கேட் அத்தனை எளிதாகத் திரும்புகிறது. அதனால்தான் புதிதாக ஏறி நிற்கும் பிள்ளை முன்னுக்கும் பின்னுக்கும் ஆடுகிறது. ரிங்கில் வாடகைக்குக் கிடைக்கும் ஸ்கேட்டுகளில் சில, நடன ஸ்கேட்டிங்குக்கு உரியவை. அவற்றின் முன்நுனியில் பற்கள் இருக்கும். ஹாக்கி ஸ்கேட்டில் அந்தப் பற்கள் கிடையா. வாடகை ஸ்கேட்டில் பழகிய பிள்ளை முன்நுனியை ஊன்றித் தள்ளப் பழகியிருந்தால், ஹாக்கி ஸ்கேட்டுக்கு மாறிய அன்றே முகம் குப்புற விழும். வகுப்புக்குச் சேர்க்கும் நாளிலிருந்தே, வாடகையானாலும் சரி, ஹாக்கி ஸ்கேட்டையே கேட்டு வாங்குவது நல்லது.

பனி ஏன் வழுக்குகிறது என்ற கேள்விக்கு, உடலின் எடை பிளேடின் வழியாக அழுத்துவதால் பனி உருகி நீராகிறது என்ற விடையைப் பள்ளிப் புத்தகங்களில் படித்திருப்போம். அழுத்தம் மட்டுமே காரணம் என்றால், கடுங்குளிரில் உறைந்த பனியில் ஒருவராலும் சறுக்க முடியாது; அழுத்தத்தால் உருகுநிலை குறைவது மிகச் சிறிதளவே. உருகுநிலைக்குக் கீழேயும் பனியின் மேற்பரப்பில் நீரை ஒத்த மிக மெல்லிய படலம் இருக்கிறது என்ற கருத்தை மைக்கேல் ஃபாரடே 1850இல் முன்வைத்தார். அதோடு பிளேடு உரசும்போது எழும் வெப்பமும் சேர்ந்தே சறுக்கலைத் தருகிறது. ஹாக்கிக்குரிய பனியைச் சுமார் மைனஸ் 5, 6 டிகிரி செல்சியஸில் வைத்திருப்பார்கள். வெப்பம் கூடினால் பனி மென்மையாகி, விளிம்பு பதிந்த இடமெல்லாம் குழியாகிவிடும். ரிங்கைச் சமன்செய்யும் வண்டி போய்வந்த பிறகு வகுப்பைத் தொடங்குவது இதனால்தான். அந்த வண்டி பழைய கீறல்களைச் சீவி எடுத்து, மேலே வெந்நீரை மெல்லிய படலமாக விட்டுச் செல்கிறது.

இனி மையமான செய்தி. பிளேடு நெடுக்கில் மிக எளிதாக வழுக்கும்; குறுக்கே, விளிம்பு பதிந்திருக்கும்வரை, வழுக்காது. இந்த ஒரு வேறுபாட்டில்தான் ஸ்கேட்டிங் முழுவதும் அடங்கியிருக்கிறது. தரையில் ஓடும் பிள்ளை காலைப் பின்னுக்குத் தள்ளி உடலை முன்னுக்கு அனுப்புகிறது. தரைக்கும் செருப்புக்கும் இடையேயுள்ள உராய்வு அதற்கு இடம் கொடுக்கிறது. பனியில் பிளேடை நேராக வைத்துக்கொண்டு பின்னுக்குத் தள்ளினால், பிளேடு பின்னாலேயே வழுக்கிப் போய்விடும், உடல் இருந்த இடத்தில் கீழே விழும். ஆகவே பாதத்தை வெளிப்புறமாகத் திருப்பி, பிளேடை உள்விளிம்பில் சாய்த்து, பிளேடுக்குக் குறுக்காகப் பக்கவாட்டில் தள்ள வேண்டும். பதிந்த விளிம்பு நகர மறுப்பதால் உடல் எதிர்ப்பக்கமாக முன்னேறுகிறது. முதல் வகுப்புகளில் பிள்ளைகள் காலைப் படபடவென்று அடித்தும் நகராமல் நிற்பதற்குச் சோம்பல் காரணமன்று, பயமும் காரணமன்று. அவர்கள் நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து உடலில் ஊறிப்போன ஓட்டத்தைப் பனியின் மேலும் ஓடிப்பார்க்கிறார்கள். அதை மாற்றிக்கொள்ளச் சில வாரங்கள் ஆவது இயல்பு.

விளிம்பின் மேல் நிற்கக் கணுக்கால் உறுதியாகப் பிடிக்கப்பட்டிருக்க வேண்டும். இங்கேதான் நம் வீடுகளில் ஒரு பழக்கம் குறுக்கே வருகிறது. வளர்கிற பிள்ளைதானே என்று பள்ளிச் செருப்பை ஒன்றிரண்டு அளவு பெரிதாக வாங்குவது நமக்குச் சிக்கனம். ஸ்கேட்டில் அந்தச் சிக்கனம் பிள்ளையின் கற்றலையே கெடுத்துவிடும் என்று உறுதியாகச் சொல்வேன். பாதம் உள்ளே ஆடினால், பிள்ளை சாய்க்க நினைக்கும் சாய்வு பிளேடுக்குப் போய்ச் சேராது. கணுக்கால் உட்புறமாக மடிந்து, பிளேடு எப்போதும் உள்விளிம்பிலேயே கிடக்கும். ஹாக்கி ஸ்கேட் பொதுவாகச் செருப்பளவைவிட ஓர் அளவு, ஒன்றரை அளவு சிறியதாகவே பொருந்தும். நிமிர்ந்து நிற்கும்போது கால்விரல் முன்புறத்தை லேசாகத் தொட வேண்டும். முழங்காலை மடக்கியதும் குதிகால் பின்னால் போய் அமர்ந்து விரல் விடுபட வேண்டும். கயிறு கட்டும் முன் பிள்ளையைப் பெஞ்சில் உட்கார வைத்து, ரப்பர் விரிப்பின் மேல் பிளேடின் பின்பகுதி படும்படி குதிகாலை இரண்டு முறை தட்டச் சொல்லுங்கள். குதிகால் பள்ளத்தில் போய் அமரும். பிறகு விரல்பக்கம் சற்றுத் தளர்வாகவும், பாதத்தின் நடுவிலும் கணுக்காலிலும் இறுக்கமாகவும் கட்ட வேண்டும். மேற்கண்ணிகளில் உயிர்போக இறுக்கினால் கணுக்கால் முன்னோக்கி மடங்காது. கணுக்கால் மடங்காவிட்டால் முழங்காலும் மடங்காது.

காப்புகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம்: முகக்கூண்டுள்ள தலைக்கவசம், கையுறை, முழங்கை, முழந்தாள் காப்புகள், கழுத்துக் காப்பு. கடைசியாகச் சொன்னதைச் சில பெற்றோர் தவிர்க்கப் பார்க்கிறார்கள். 2023 அக்டோபரில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் நடந்த ஆட்டத்தில் பிளேடு கழுத்தில் பட்டு ஆடம் ஜான்சன் என்ற ஆட்டக்காரர் உயிரிழந்த பிறகு, சர்வதேசக் கூட்டமைப்பு தன் போட்டிகள் அனைத்திலும் கழுத்துக் காப்பைக் கட்டாயமாக்கியது. தொடக்க வகுப்பில் வேகம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் விழுந்து கிடக்கும் பிள்ளைகளுக்கு இடையே நிறுத்தத் தெரியாத பிள்ளைகள் சறுக்கி வரும் இடமும் அதுதான்.

வகுப்பின் முதல் பாடம் விழுவது. பேரனைப் பார்க்க வந்த ஆயா தடுப்புக் கண்ணாடியைத் தட்டி, "பாத்து கண்ணு, விழுந்துடாதே" என்று கூவிக்கொண்டிருக்கும் அதே நேரத்தில், உள்ளே பயிற்சியாளர் எல்லாரையும் விழச் சொல்லிக்கொண்டிருப்பார். விழுவதில் முறை உண்டு. நிலை தடுமாறுவதை உணர்ந்தவுடன் முழங்காலை மேலும் மடக்கி, உடலைத் தாழ்த்தி, பக்கவாட்டில் இடுப்பின் மேலோ, காப்பணிந்த முழந்தாள்களின் மேல் முன்னோக்கியோ சரிய வேண்டும். நிமிர்ந்து விறைத்தால் பின்னால் விழுவோம். அப்போது அடிபடுவது தலை. விழுந்த பிறகு கைகளைப் பனியில் பரப்பி வைக்காமல், மடக்கி உடலோடு சேர்த்துக்கொள்ளவும் சொல்லித் தருவார்கள். அருகில் வரும் பிளேடின் வழியில் விரல் இருக்கக் கூடாது. எழும்போது முழந்தாளிட்டு, ஒரு காலை முன்னே ஊன்றி, அந்த முழங்காலில் கைகளை வைத்து அழுத்தி எழ வேண்டும். விழவும் எழவும் கற்றுக்கொண்ட பிள்ளைக்கு முழங்காலை மடக்குவதில் அச்சம் இருக்காது. விழப் பயப்படும் பிள்ளை விறைத்து நிற்கும். விறைத்து நிற்கும் காலில் விளிம்பு வேலை செய்யாது.

அடுத்தது நிற்கும் நிலை. பாதங்கள் தோளகலம், முழங்கால்கள் மடங்கிக் கால்விரல்களுக்கு மேலே, முதுகு சற்றே முன்சாய்வு, தலை நிமிர்வு. காலை மடக்குவது வெறும் தோற்றத்துக்காக அன்று. காலை நீட்டித் தள்ளும் தூரமே உந்துதலின் அளவு; முன்பே நீட்டி நிற்கும் காலில் தள்ளுவதற்கு எதுவும் மிச்சமில்லை. அடுத்த முறை வகுப்பைப் பார்க்கும்போது பிள்ளையின் வேகத்தை விட்டுவிட்டு முழங்காலை மட்டும் பத்து நிமிடம் கவனியுங்கள். எந்தப் பிள்ளை முன்னேறுகிறது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

சில ரிங்குகளில் பென்குவின் உருவத்தில் பிளாஸ்டிக் பிடிகள் வைத்திருக்கிறார்கள். பொழுதுபோக்குக்கு வருபவர்களுக்கு அவை நல்லவைதான். ஹாக்கி பழக வரும் பிள்ளையிடம் அவற்றைக் கொடுப்பதை நான் விரும்புவதில்லை. பிள்ளை தன் எடையைக் கைகளில் சாய்த்துவிடுகிறது, கால்கள் பின்தங்கிப் போகின்றன, விளிம்பின் மேல் எடை ஏறுவதே இல்லை.

நின்ற இடத்தில் கால்களை மாற்றி மாற்றித் தூக்கி வைப்பது, பிறகு அப்படியே சில அடிகள் நடந்து இரு கால்களிலும் சறுக்க விடுவது, பிறகு காலைத் தூக்காமலே நகர்வது என்று பாடங்கள் வளர்கின்றன. கடைசியாகச் சொன்னதை நின்று கவனிக்க வேண்டும். குதிகால்களைச் சேர்த்து, கால்விரல்களை வெளியே திருப்பி, உள்விளிம்புகளை அழுத்தினால் கால்கள் இரண்டும் விலகிக்கொண்டே முன்னேறும். அகலம் போதும் என்ற இடத்தில் விரல்களை உள்ளே திருப்பினால் மீண்டும் சேரும். பனியில் பார்த்தால் மீன் வடிவக் கோடுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியும். ஒரு காலைக்கூடத் தூக்காமல், ஓடாமல், விளிம்பை அழுத்தியதால் மட்டுமே தான் நகர்ந்தோம் என்பதைப் பிள்ளை முதன்முறையாக உணர்வது இந்தப் பயிற்சியில்தான். இது பிடிபட்ட பிள்ளைக்கு முழுத் தள்ளல் எளிதாக வரும்: ஒரு கால் உள்விளிம்பில் பக்கவாட்டில் தள்ளி முழுதாக நீளும், மறுகால் நேராகச் சறுக்கும், தள்ளிய கால் பனியை ஒட்டியே உடலுக்கு அடியில் திரும்பி வரும், பிறகு அடுத்த கால். திரும்பி வரும் காலைப் பிள்ளைகள் பாதி வழியிலேயே ஊன்றிவிடுவார்கள்; அகலக் கால் வைத்துத் தத்தித் தத்திப் போவதன் காரணம் அதுதான். ஒற்றைக் காலில் நிற்கும் பயிற்சி அதைச் சரிசெய்கிறது.

நிறுத்துவதுதான் இந்த வகுப்பின் மிக நுட்பமான பாடம். தள்ளுவதற்கு விளிம்பு பனியைப் பற்ற வேண்டும். நிறுத்துவதற்கு அதே விளிம்பு பனியைச் சுரண்ட வேண்டும். பற்றுவதற்கும் சுரண்டுவதற்கும் இடையிலுள்ள வேறுபாடு பிளேடின் சாய்வில் இருக்கிறது. நன்றாகச் சாய்ந்த பிளேடு பதிந்து நின்றுவிடும். சாய்வைக் குறைத்து, பிளேடை ஏறக்குறைய நிமிர்த்தி, போகும் திசைக்குக் குறுக்காகத் தள்ளினால் பனியைச் சீவிக்கொண்டே போகும். முதலில் கற்றுத்தரும் முறையில் பிள்ளை கால்களை அகட்டி, விரல்களை உள்ளே திருப்பி, குதிகால்களை வெளியே அழுத்துகிறது. சரியாகச் செய்தால் சுரண்டும் ஓசை கேட்கும், பிளேடின் முன்னே வெண்ணிறத் தூள் குவியும். தூள் குவியாமல் கால்கள் மட்டும் உள்நோக்கி வந்து முட்டிக்கொண்டால் சாய்வு அதிகம். எதுவும் நடக்காமல் பிள்ளை போய்க்கொண்டே இருந்தால் அழுத்தம் போதாது. இதைச் சொல்லிப் புரியவைப்பது கடினம். நல்ல பயிற்சியாளர்கள் பிள்ளையைத் தடுப்புச் சுவரைப் பிடித்து நிற்கவைத்து, ஒரு காலால் பனியைப் பக்கவாட்டில் சுரண்டிச் சுரண்டித் தூளாக்கச் சொல்வார்கள். நின்ற இடத்தில் இதைச் செய்த கால், சறுக்கும்போதும் அந்தச் சாய்வைத் தானே தேடிக்கொள்ளும்.

தொலைக்காட்சியில் பார்க்கும் நிறுத்தம், பனித்தூள் சிதற இரு கால்களையும் ஒரே பக்கம் திருப்பி நிற்பது, இதற்குப் பிந்தியது. அதில் முன்னிருக்கும் காலின் உள்விளிம்பும் பின்னிருக்கும் காலின் வெளிவிளிம்பும் ஒருங்கே சுரண்ட வேண்டும். திரும்புவதற்கு முன் ஒரு கணம் உடலை மேலே எழுப்பி எடையைக் குறைத்து, திரும்பியவுடன் முழங்காலை மடக்கி எடையை இறக்க வேண்டும். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு பக்கம் எளிதாக வரும், மறுபக்கம் வராது. வராத பக்கத்தில்தான் கூடுதலாகப் பழக வேண்டும்; ஆட்டத்தில் பந்துக்குப் பதிலாக அடிக்கப்படும் ரப்பர் தட்டான பக் எந்தப் பக்கம் போகும் என்பதை யாரும் தேர்ந்தெடுக்க முடியாது.

இதுவரை பெரும்பாலும் உள்விளிம்புகளே வேலை செய்தன. அவற்றின் மேல் நிற்பது உடலுக்கு இயல்பாகத் தோன்றும். கால்களை அகட்டினாலே எடை அங்கே போய்விடும். வெளிவிளிம்பின் மேல் ஏறுவதற்குத் துணிவு வேண்டும், ஏனென்றால் உடல் தன் பாதத்துக்கு வெளியே சாய்ந்து நிற்க வேண்டியிருக்கிறது. இடப்பக்கம் வளைந்து செல்லும்போது இடக்கால் வெளிவிளிம்பிலும் வலக்கால் உள்விளிம்பிலும் இருக்க வேண்டும். அஞ்சும் பிள்ளை தோளை மட்டும் உட்பக்கம் சாய்க்கும், இடக்காலைத் தட்டையாகவே வைத்திருக்கும். வளைவு பெரிதாகி, எதிர்ச்சுவர் வரை போய்விடும். முழங்காலையும் இடுப்பையும் வளைவின் உட்பக்கம் செலுத்தித் தோளைச் சமமாக வைத்த பிள்ளைக்கு வளைவு தானே குறுகும். இதற்கு அடுத்த படி, வளைவில் போகும்போதே வெளிக்காலை உட்காலின் மேலாகத் தாண்டி வைப்பது. பார்ப்பவர்கள் மேலே தாண்டும் காலையே பார்க்கிறார்கள். உண்மையான உந்துதலில் பாதியளவு, அடியில் இருக்கும் காலிலிருந்து வருகிறது. அது வெளிவிளிம்பில் பதிந்து, உடலுக்கு அடியில் எதிர்ப்பக்கமாக நீண்டு தள்ளுகிறது. அடிக்கால் தள்ளாமல் மேற்கால் மட்டும் தாண்டினால் அது மாடிப்படியில் பக்கவாட்டாக ஏறுவதற்கு மேல் ஒன்றுமில்லை. பின்னோக்கிச் சறுக்குவதும் இதே விளிம்புக் கணக்குதான்: ஒவ்வொரு காலும் உள்விளிம்பில் அரைவட்டமாகப் பனியைச் சீவித் தள்ள, உடல் பின்னே போகிறது.

ஸ்டிக் முதல் வகுப்பிலிருந்தே கையில் இருக்கலாம், ஆனால் அது ஊன்றுகோலாகிவிடக் கூடாது. மேல்நுனியை ஒரு கையால் பிடித்து, அடிப்பகுதியைப் பனியில் முன்னே வைத்திருக்கவே பழக்குவார்கள். பக் வருவது அதற்குப் பிறகு. வல்கனைஸ் செய்து கெட்டிப்படுத்திய ரப்பரால் ஆன, 7.62 சென்டிமீட்டர் விட்டமும் 2.54 சென்டிமீட்டர் தடிமனும் கொண்ட அந்தத் தட்டு 156 முதல் 170 கிராம் வரை எடை இருக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு இதைவிட இலேசான பக் கொடுப்பதும் உண்டு.

ரிங்குக்குப் போகாத நாட்களிலும் விளிம்புக்கான வேலையைச் செய்யலாம். காலையில் பல் துலக்கும் நேரத்தில் முழங்காலைச் சற்று மடக்கி ஒற்றைக் காலில் நிற்பது, பாதி துலக்கியதும் காலை மாற்றுவது, பிள்ளைக்கு மிகவும் பயன்படும். டர்பன் கடற்கரை நடைபாதையில் சக்கர ஸ்கேட் ஓட்டும் பிள்ளைகளுக்குத் தள்ளும் முறை முன்பே தெரிந்திருக்கும். ஆனால் சக்கரம் பனியைச் சுரண்டுவதுபோல் தரையைச் சுரண்டுவதில்லை, ஆகவே நிறுத்துவதை அவர்களும் முதலிலிருந்துதான் கற்க வேண்டும். கடலோர ஊரில் வாழும் நமக்கு இன்னொரு வேலையும் உண்டு. நம் காற்றின் ஈரமும் உப்பும் பிளேடை விரைவில் துருப்பிடிக்கச் செய்கின்றன. வகுப்பு முடிந்தவுடன் உலர்ந்த துணியால் பிளேடையும், அதைப் பொருத்தியுள்ள இடுக்கையும் துடைத்து, துணி உறையில் போட்டு வைக்க வேண்டும். நடப்பதற்கான பிளாஸ்டிக் உறையை மாட்டியபடியே பையில் போட்டால் ஈரம் உள்ளே தங்கி, அடுத்த வாரத்துக்குள் விளிம்பில் பழுப்புப் புள்ளிகள் வந்துவிடும். துருவேறிய விளிம்பு பனியைப் பற்றாது.

தொடக்க வகுப்பிலிருந்து அடுத்த வகுப்புக்கு அனுப்பும் முன் பல பயிற்சியாளர்கள் ஒரு சோதனை வைப்பார்கள். பிள்ளை பக்கை ஸ்டிக்கால் தள்ளிக்கொண்டு வர, எதிரே நிற்கும் பயிற்சியாளர் சில விரல்களை உயர்த்திக் காட்டி எத்தனை என்று கேட்பார். சொல்லி முடிப்பதற்குள் விசில் ஊதுவார். காலைக் குனிந்து பார்க்காமல் எண்ணிக்கையைச் சொல்லி, விசிலுக்கு இடப்பக்கமும் அடுத்த முறை வலப்பக்கமும் நிற்கிற பிள்ளையை மேல் வகுப்புக்கு அனுப்பலாம். குனிந்து பார்க்கிற பிள்ளைக்கு அந்த விளிம்புப் பயிற்சிகளை இன்னும் சில வாரம் கொடுப்பார்கள். பெற்றோர் அதை மறுக்காமல் ஏற்றுக்கொள்வதே பிள்ளைக்கு நல்லது.